நோகாத கால்

எங்கள் தெருவில் பெரும்பாலும் குழித்தறிதான். வீட்டுத் தரையில் பள்ளம் வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே நாடாவை ஓட்ட வேண்டும். நெசவாளியின் கண் பாவின் மேல் இருக்கும். கால் என்ன செய்கிறது என்று அவர் குனிந்து பார்ப்பதில்லை. பார்த்தாலும் தெரியாது, குழிக்குள் இருட்டு. எந்தக் கட்டையில் கால் இருக்கிறது, எவ்வளவு அழுத்தினால் போதும் என்பதைப் பாதமே கண்டுகொள்ளும். குடியாத்தம் கைலிக்கு வெளியூரில் இருந்த பெயர் அப்படிப்பட்ட பாதங்கள் சம்பாதித்துக் கொடுத்தது. என் நைனாவும் மீசை முளைக்கும் முன்பே குழிக்குள் இறங்கியவர்.

அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். நாற்பதைத் தாண்டியிருந்தார். சில மாதங்களில் ஆள் பாதியாகிவிட்டார். ராத்திரி எழுந்து எழுந்து போவார், தலைமாட்டில் வைத்த சொம்புத் தண்ணீர் போதாது. ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதை முழுவதுமாகத் திரும்ப உறிஞ்ச முடிவதில்லை. மிஞ்சியது சிறுநீரில் இறங்குகிறது, போகிற போக்கில் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. தாகமும் இளைப்பும் அதனால்தான். இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு அம்மாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: புழக்கடையில் நைனா ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்க்கிறது.

வீட்டிலேயே விரலைக் குத்திப் பார்க்கும் கருவியெல்லாம் அப்போது எங்கள் ஊருக்கு வரவில்லை. சிறுநீரைக் காய்ச்சித்தான் பார்க்க வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்தபடி ஒரு பாட்டில் பெனடிக்ட் கரைசல், சோதனைக்குழாய், இடுக்கி, ஸ்பிரிட் விளக்கு வாங்கி வந்தோம். வேதியியல் படிக்கிற பெண் என்பதால் வேலை எனக்கு வந்தது. ஐந்து மில்லி நீலக் கரைசலைக் கொதிக்கவைத்து, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, மறுபடியும் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறும். மிகுந்துபோனால் செங்கல் நிறத்தில் அடியில் படியும்.

நைனா நூலுக்குச் சாயம் பார்த்துப் பார்த்துப் பழகியவர். பச்சை, மஞ்சள் என்ற பொத்தாம்பொதுப் பெயர்கள் அவருக்குப் போதவில்லை. “இது பச்சை இல்ல பாப்பா, கிளிப்பச்சை. நேத்து வந்துதே, அது பாசி. ரெண்டும் ஒண்ணா? நோட்டுல சரியா எழுது” என்பார். கிளிப்பச்சை, பாசி, எலுமிச்சை, மாம்பழம், செங்கல் என்று நான் எழுதி வைத்த நோட்டைப் பார்த்து டாக்டர் முதலில் விழித்தார். பிறகு அவரே, “என்னம்மா, இந்த வாரம் மாம்பழம் ஜாஸ்தியா இருக்கே?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

நீலம் வந்த நாளில் வீடு லேசாகிவிடும். அம்மா இட்லி ஒன்று கூட வைப்பாள். ஆனால் அந்தக் குழாயால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். 180-க்குக் கீழே எதுவாக இருந்தாலும் அது நீலத்தையே காட்டும். கடைசி சில மணி நேரத்தில் தேங்கிய சிறுநீரைப் பற்றித்தான் அது பேசும். மற்ற நாட்களில் ரத்தம் எந்த நிலையில் ஓடியது, அது ஓடிய இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு அதனிடம் பதில் கிடையாது.

நடந்தது முதலில் காலில். ராத்திரி படுத்ததும் இரண்டு பாதமும் எரியும். ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் காலை வைத்துக்கொள்வார். போர்வை பட்டாலே துடிப்பார். மிளகாய்த்தூள் அப்பியது மாதிரி என்று சொல்லிச் சொல்லி அம்மாவைத் தூங்கவிடமாட்டார். இரண்டு மூன்று வருஷம் இப்படி ஓடியது. பிறகு எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றேபோனது. யாரோ சொல்லிச் சாப்பிட்ட ஆவாரம்பூக் கஷாயத்துக்குத்தான் அந்தப் பெருமை போய்ச் சேர்ந்தது. எங்கள் தெருவில் பலபேர் ஆவாரம்பூ பறிக்கக் கிளம்பினார்கள்.

எரிச்சல் என்பது நரம்பு அடிபடும்போது எழுகிற கூச்சல். நரம்பு செத்துப்போனால் கூச்சலும் இல்லை. உடம்பிலேயே மிக நீளமான நரம்பிழைகள் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து கால் கட்டைவிரல் வரை போகின்றன. ஒரே ஒரு செல்லின் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அவ்வளவு தூரத்துக்கும் உணவும் பராமரிப்பும் தலைமையிடத்திலிருந்துதான் போக வேண்டும். அதனால் முதலில் பட்டுப்போவது நுனி. விரல், பாதம், கணுக்கால் என்று மேலேறி முழங்காலை எட்டும்போதுதான் கைவிரல்களில் மதமதப்பு தொடங்கும். சர்க்கரை நோய் எந்த நாட்டில் யாருக்கு வந்தாலும் நரம்பைப் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் தின்கிறது.

எரிச்சல் நின்ற பிறகு வந்த அடையாளங்களை நாங்கள் வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம். கடைத்தெருவுக்குப் போன நைனா ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு திரும்பி வருவார். மற்றது எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியாது. “பஞ்சு மேல நடக்கிற மாதிரி சுகமா இருக்குது” என்பார். வைகாசி முதல் நாள் எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம். ஊரே தெருவில் இருக்கும். எங்கள் பக்கத்து வெயில் அந்த மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும், தார் ரோடு இளகும். ஒரு வருஷம் சிரசு பின்னாலேயே வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்தார். சாயங்காலம் இரண்டு உள்ளங்காலிலும் பெரிய பெரிய கொப்புளங்கள். “நோவுதா நைனா?” என்றேன். “ஒண்ணும் இல்லியே, அம்மன் பார்த்துக்கினா” என்றார் பெருமையாக.

கொப்புளம் ஆறிவிட்டது. ஆறாதது அடுத்த ஆண்டு வந்தது. தறிக்குழியைப் பெருக்க இறங்கிய அம்மா மிதிகட்டையில் சிவப்பாகப் பிசுபிசுப்பதைப் பார்த்தாள். சிவப்பு ஊடை ஓடிக்கொண்டிருந்த வாரம் அது. சாயம் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துணியால் துடைத்தாள். மறுநாளும் இருந்தது. மூன்றாம் நாள் நாற்றம். நைனாவின் வலது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு சின்ன ஆணி முழுசாக ஏறியிருந்தது. அதோடுதான் அவர் நாள் முழுக்க மிதித்துக்கொண்டிருந்தார்.

வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே டாக்டர் ஒரு இசைக்கவையைத் தட்டி நைனாவின் விரல் எலும்பில் வைத்தார். நான் பத்தாம் வகுப்பில் ஒலியியல் பாடத்துக்காகப் பார்த்த அதே பொருள், நொடிக்கு 128 முறை அதிர்கிறது. “அதிருதா?” “இல்ல சார்.” கணுக்காலில் வைத்தார். “இப்ப?” “இல்ல சார்.” முழங்காலில் வைத்ததும் நைனா துள்ளினார். “ஆமா சார், கிர்ருங்குது!” முழங்காலுக்குக் கீழே விரலால் குறுக்காக ஒரு கோடு இழுத்துக் காட்டினார் டாக்டர். “இதுக்குக் கீழ உங்க கால் உங்ககிட்ட பேசாது. நீங்கதான் தினமும் போய்ப் பார்க்கணும்.”

எலும்பு வரை சீழ் போயிருந்தது. கட்டைவிரலை எடுத்தார்கள். விரல் போனால் போகட்டும், கால் தப்பியதே என்றுதான் எங்களுக்கு இருந்தது. ஆனால் பாதத்தின் கணக்கு வேறு. நடக்கும்போது உடம்பின் பாரத்தை உந்தித் தள்ளுவது கட்டைவிரல். அது இல்லையென்றால் அந்தப் பாரம் பக்கத்து எலும்பின் அடியில் இறங்கும். அங்கே தோல் தடித்துக் காய்க்கும். காய்ப்புக்கு அடியில் சதை நசுங்கிப் புண்ணாகும். ஒரு விரல் எடுத்தவர்கள் பலர் மறுபடியும் அதே வார்டுக்கு வருவதற்கு இதுதான் காரணம். நைனாவும் வந்தார்.

அந்த இரண்டாவது தடவைதான் அவருக்குச் செருப்பு எழுதிக் கொடுத்தார்கள். கறுப்பு நிறம், கனத்த அடி, உள்ளே மெத்தென்ற நுண்துளை ரப்பர். எம்.சி.ஆர். செருப்பு என்பார்கள். ஒரு ஆணிகூட அடிக்காமல் பசையால் ஒட்டியது. உணர்ச்சியில்லாத காலிலிருந்து கழன்று விழாமலிருக்கக் குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். நைனா அதைக் கையில் வாங்கவே இல்லை. “இது குஷ்டக்காரங்க செருப்பு. இதப் போட்டுக்கினு நான் தெருவுல எப்படி நடக்கறது?” என்றார்.

அவர் சொன்னதில் வரலாறு இருந்தது. எங்கள் மாவட்டத்தில் அந்தச் செருப்பைத் தொழுநோயாளிகளின் காலில்தான் எல்லாரும் பார்த்திருந்தார்கள். காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய் ஆஸ்பத்திரி இருந்தது. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். அவர் நோயாளிகளின் அன்றாடத்தைக் கூடவே இருந்து பார்த்தார். கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறார்கள், கல் குத்தினது தெரியாமல் நடக்கிறார்கள், ராத்திரி எலி விரலைக் கடிப்பது தெரியாமல் தூங்குகிறார்கள். விரலை அழிப்பது அந்தக் கிருமி நேராகச் செய்கிற வேலை இல்லை, வலி தெரியாததால் ஆறவிடாமல் திரும்பத் திரும்பப் படுகிற காயம்தான் என்று அவர் காட்டினார். அந்தக் கால்களுக்காக வேலூரில் உருவானவைதான் நுண்துளை ரப்பர் செருப்புகள்.

1966-ல் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கேதான் அவர் வேலூரில் கற்றது சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருந்தும் என்று தெளிவானது. நோய் வேறு, காரணம் வேறு, ஆனால் மரத்துப்போன பாதம் ஒன்றுதான். புண்ணைச் சுற்றிப் பாதத்தோடு ஒட்டியபடி மாவுக்கட்டுப் போட்டு, பாரத்தைப் பரப்பி, நடந்துகொண்டே புண்ணை ஆற்றும் முறை இன்று உலகெங்கும் நீரிழிவுப் புண்ணுக்குச் செய்யப்படுகிறது. அது பரவியதில் கார்வில்லுக்குப் பெரிய பங்கு உண்டு. நைனா ஒதுக்கித் தள்ளிய செருப்பின் உறவுக்காரர்கள் கடல் கடந்து போய் மதிப்போடு திரும்பி வந்தார்கள். இன்று அதே ரப்பரை வேறு வேறு நிறங்களில், ‘டயாபெடிக் செருப்பு’ என்று பெயர் போட்டு, கண்ணாடி ஷோகேஸில் வைத்து விற்கிறார்கள்.

பிராண்ட் செய்த இன்னொரு முயற்சியைப் பற்றிப் பின்னாளில் படித்தேன். உணர்ச்சியற்ற கைகால்களுக்குச் செயற்கையாக வலியை உண்டாக்கப் பார்த்தார். அழுத்தம் அதிகமானால் சத்தம் எழுப்பும் உணரிகளைக் கையுறையிலும் காலுறையிலும் வைத்தார்கள். சத்தத்தை யாரும் சட்டை செய்யவில்லை. லேசாக மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள். ஏதாவது வேலை செய்ய வேண்டுமென்றால் நோயாளிகள் அதை அணைத்துவிட்டு வேலையைச் செய்தார்கள். திட்டம் தோற்றது. அணைக்க முடியாததால்தான் வலிக்கு மரியாதை.

எங்கள் வீட்டில் அணைக்க முடியாத கருவியாக இருந்தது அம்மா. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் டார்ச் லைட்டோடு நைனாவின் காலடியில் உட்காருவாள். உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு எல்லாம் பார்ப்பாள். தேங்காயெண்ணெய் தடவுவாள், விரலிடுக்கில் மட்டும் தடவமாட்டாள். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும் என்று சொல்லியிருந்தார்கள். செருப்பைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் துழாவுவாள். நைனா வாராவாரம் சண்டை போடுவார். அவள் வாயைத் திறக்காமல் வேலையை முடித்துவிட்டுப் போவாள். அதன் பிறகு அவர் காலில் கத்தி படவில்லை. கறுப்புச் செருப்பையும் கடைசியில் போட்டுக்கொண்டார், இருட்டின பிறகு மட்டும்.

தறியை மட்டும் விட வேண்டியதாயிற்று. அதுவும் உடம்பில் தெரிந்தது. தசை உழைக்கும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். நாளெல்லாம் மிதித்த கால்கள் திண்ணையில் நீட்டிக்கிடந்ததும், அதே சாப்பாட்டுக்கு மருந்து போதவில்லை. இன்சுலின் தொடங்கினார்கள். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைப்பது காப்பி போடுவதற்கு முன்னால் செய்கிற வேலையானது. ஃபிரிட்ஜ் இல்லாத வீடு. குப்பியைச் சின்ன டப்பாவில் போட்டு மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டிருந்தோம்.

எங்கள் குடும்பத்தில் இது நைனாவோடு நிற்கவில்லை. அத்தை பீடி சுற்றுகிறவர். அவருக்குக் கண்ணாடி மாற்றி மாற்றித் தீரவில்லை. இந்த மாதம் வாங்கிய கண்ணாடி அடுத்த மாதம் ஒத்துவராது. கண்ணாடிக் கடைக்காரர் மேல்தான் பழி போட்டார். ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது கண்ணின் லென்ஸ் நீரை உறிஞ்சி உப்பும், இறங்கும்போது பழைய நிலைக்குத் திரும்பும். பவர் அதனால் மாறிக்கொண்டேயிருக்கும். அது வெறும் தொந்தரவு. ஆபத்து விழித்திரையில் இருந்தது, அது ஒரு தொந்தரவும் தரவில்லை. மெல்லிய ரத்தக்குழாய்கள் உப்பி, கசிந்து, அடைபட்டு, அடைபட்ட இடத்துக்கு ஈடாகப் புதிது புதிதாக வலுவற்ற குழாய்கள் முளைக்கும். அதுவரை எழுத்து தெளிவாகத் தெரியும், ஊசியில் நூல்கூடக் கோக்கலாம். ஒரு நாள் அந்தக் குழாய் வெடிக்கும். “கண்ணுக்குள்ள கறுப்பு நூல் நூலா ஓடுது” என்றார் அத்தை. சென்னைக்குப் போய் லேசர் வைத்துக்கொண்டோம். விழித்திரையின் ஓரங்களைச் சுட்டு நடுப்பார்வையைக் காப்பாற்றுகிற சிகிச்சை அது. பீடி இலை தெரிந்தது. ராத்திரி வாசற்படி தெரியவில்லை. வலது கண்ணில் தப்பியது இடது கண்ணில் தப்பவில்லை.

சித்தப்பாவுக்கு நடந்ததுதான் எங்களை அதிகம் ஏமாற்றியது. பல வருஷம் அடங்காத சர்க்கரை, திடீரென்று தானாக இறங்கத் தொடங்கியது. இன்சுலினைப் பாதியாக்கினார்கள், அதிலும் பாதியாக்கினார்கள். “நோய் என்னை விட்டுப் போகுது” என்று சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்தார். இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது பழுதானால், போட்ட ஊசி உடம்பிலேயே அதிக நேரம் தங்கும். பாதி மருந்தே முழு வேலை செய்யும். சிறுநீரகம் செத்துக்கொண்டிருந்ததைத்தான் நாங்கள் பாயசத்தோடு கொண்டாடினோம். கிரியாட்டினின் என்ற எண் உயர்ந்தபோது சிறுநீரகத்தின் திறன் பாதிக்கு மேல் போயிருந்தது. அதற்குப் பல வருஷம் முன்பே, சிறுநீரில் துளித்துளியாக அல்புமின் என்ற புரதம் ஒழுகத் தொடங்கியிருக்கும். அதைத் தேடிப் பார்க்கிற சோதனை எளிது, ஆனால் கேட்டு எடுக்க வேண்டும்.

பிறகு வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த இடத்தில் கை வைத்தால் விடாமல் அதிரும். அதிர்வு நின்றால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள். அதனால் தூக்கத்திலும் இடது கையை வலது கையால் தொட்டுக்கொண்டே கிடப்பார். தாகத்தில் தொடங்குகிற நோய் இது. கடைசியில் அவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் தண்ணீர் என்று அளந்து கொடுத்தோம்.

நைனாவைக் கொண்டுபோனது இதயம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ராத்திரி அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. இன்சுலின் போடுகிறவருக்கு வேர்த்தால் சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அதில் தப்பும் இல்லை. அம்மா சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் தெளிய வேண்டும். தெளியவில்லை. நெஞ்சு வலி இல்லை. மூச்சு மட்டும் வாங்கியது. விடியற்காலையில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர், “ஹார்ட் அட்டாக்” என்றார். பிறகு தாளை இன்னொரு முறை பார்த்துவிட்டு, “இதுக்கு முன்னாடி ஒண்ணு வந்து போயிருக்கு. அது எப்ப?” என்று கேட்டார். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. நைனாவுக்கே தெரியவில்லை. பாதத்திலிருந்து சேதி கொண்டுபோகும் நரம்புகள் பட்டுப்போனது போலவே இதயத்திலிருந்து போகிற நரம்புகளும் பட்டுப்போயிருந்தன. அதற்கப்புறம் ஒரு வருஷம்போல இருந்தார்.

இவ்வளவையும் பார்த்தவள் என்பதால் எனக்கு வரும்போது கண்டுபிடித்துவிடுவேன் என்று இருந்தேன். தாகம் வரவில்லை, இளைக்கவில்லை, எறும்பும் வரவில்லை. நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் கரும்பலகையின் மேல்வரியில் தேதி எழுதக் கை எழும்பவில்லை. ஜாக்கெட்டின் பின்கொக்கி எட்டவில்லை. சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். எலும்பு மருத்துவர் என் தோளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரேக்கு முன்னால் சர்க்கரையைப் பார்க்கச் சொன்னார். தோள்மூட்டு இறுகிப்போவது சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடச் சில மடங்கு அதிகம். ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை எந்த நொதியும் இல்லாமல் தானாகவே புரதங்களின்மேல் ஒட்டிக்கொள்கிறது. பாவுக்குக் கஞ்சி போட்டால் நூல் விறைப்பதுபோல மூட்டைச் சுற்றிய உறை விறைக்கிறது, தோல் தடிக்கிறது, ரத்தக்குழாயின் சுவர் நெகிழ்ச்சியை இழக்கிறது.

ஏன் கண், ஏன் சிறுநீரகம், ஏன் நரம்பு என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. தசையும் கொழுப்பும் இன்சுலின் சொன்னால்தான் சர்க்கரையைப் பெரும்பாலும் உள்ளே எடுக்கும். விழித்திரையின் நுண்குழாய்களும், சிறுநீரக வடிகட்டியின் செல்களும், நரம்பைச் சுற்றிய செல்களும் அப்படி இல்லை. வெளியே எவ்வளவு ஏறினாலும் உள்ளேயும் அவ்வளவு ஏறும், மறுக்கிற திறன் அவற்றுக்குக் கிடையாது. அதிகப்படியான சர்க்கரையை எரிக்கப் பார்த்தே அவை நொந்துபோகின்றன. வேறு வேறு டாக்டர், வேறு வேறு வார்டு, வேறு வேறு பில். ஆனால் நைனாவின் கால், அத்தையின் கண், சித்தப்பாவின் சிறுநீரகம் மூன்றிலும் நடந்தது ஒரே காரியம். மூன்றும் சத்தமில்லாமல் நடந்தன.

எனக்கு நோய் வந்த காலம் நைனாவின் காலமில்லை. ஒட்டிக்கொள்ளும் அதே குணத்தை வைத்தே நோயை அளக்கிறார்கள். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அதன் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி தெரிந்துவிடும். முதல் நாள் பட்டினி கிடந்து அந்த எண்ணை ஏமாற்ற முடியாது. பிரிட்டனில் 1977-ல் தொடங்கி 1998-ல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், இந்த எண் ஒரு குழுவுக்கு 7.9, இன்னொரு குழுவுக்கு 7.0. ஒரு சதவீதம்கூட இல்லாத அந்த வித்தியாசம், கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ச் சிக்கல்களில் கால் பங்கைக் குறைத்தது. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குப் பக்கவாதமும் வெகுவாகக் குறைந்தது. எங்கள் குடும்பத்தில் நடந்ததெல்லாம் விதி இல்லை என்பதற்கு எனக்கு அந்தக் கணக்கு போதும்.

நோய் மட்டும் ஊரெங்கும் பெருகிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ எங்கள் தெருவுக்கும் வருகிறது. தன்னார்வலர் பெண் ஒருத்தி வீட்டுக்கு வீடு மாத்திரை கொண்டுவந்து தருகிறாள். மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்றவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் மாத்திரை வீட்டுக்கு வந்தாலும் கேள்வி வீட்டுக்கு வந்தபாடில்லை. நான் வருஷத்துக்கு ஒருமுறை நான்கு காரியம் செய்துகொள்கிறேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்கிறேன். அன்றைக்குப் பொழுது சாயும்வரை பேப்பர் படிக்க முடியாது, அவ்வளவுதான் நஷ்டம். சிறுநீரில் அல்புமின் பார்க்கச் சொல்கிறேன். இ.சி.ஜி. எடுத்துக்கொள்கிறேன். காலில் நைலான் இழை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது. கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு இடத்தில் நான் பேசாமலிருக்க, டாக்டர் குறித்துக்கொண்டதையும் பார்த்தேன். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுகிறேன். கோயிலுக்குப் போனால் கல் சுடாத நேரம் பார்த்துப் போகிறேன். அம்மா இல்லாத வீட்டில் அவள் வேலையை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் நானும் செய்கிறோம்.

தெருவில் காலையில் நடக்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் கேட்பது, “சுகர் எவ்ளோ?” 140 என்றால் பாராட்டு, 260 என்றால் ஆறுதல். எண்ணைச் சொல்லிவிட்டால் நோயைப் பற்றிப் பேசியாகிவிட்டது என்று எண்ணம். நான் வேறு கேள்வி கேட்கிறேன். “இந்த வருஷம் யாராவது உங்க காலைத் தொட்டுப் பார்த்தாங்களா? கண்ணுல மருந்து விட்டுப் பார்த்தாங்களா?” பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில். “எனக்கு ஒண்ணும் பண்ணலியே டீச்சர், எதுக்குப் பார்க்கணும்?” என்கிறார்கள். ஒன்றும் பண்ணாததால்தான் பார்க்கச் சொல்கிறேன் என்று நைனாவின் கதையைச் சொல்லத் தொடங்குவேன். சிலர் கேட்பார்கள். சிலர் நடையை வேகமாக்குவார்கள். கேட்டவர்களில் இரண்டு பேர் போன மாதம் விழித்திரையைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்குக் கசிவு தொடங்கியிருந்ததாம், நேரத்தோடு வந்ததற்கு டாக்டர் மெச்சினாராம். அடுத்த மாதம் அவரைச் சிறுநீர்ச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.